ஈஸ்ட்டுக்கு எதுக்கு வைஃபை

அன்று காலை வேலைக்குக் கிளம்பும் முன் என் கணவர் கடைசியாகச் செய்தது, பக்கத்து வீட்டுப் பல் டாக்டரின் புதுக் காரைச் சுற்றிச் சுற்றி வந்து கதவின் கைப்பிடியைத் தேடியது.

"கைப்பிடி எங்க டாக்டர்?"

"உள்ள மடங்கி இருக்குண்ணே. சாவியோட கிட்டப் போனா தானா வெளிய வரும்."

"ஓஹோ. கைப்பிடியை ஒளிச்சு வைக்க ஒரு கம்பெனி, அதைத் தேடி வாங்க ஒரு டாக்டர். சரி, ஏசி பட்டன் எங்க?"

"திரையில மெனுவுக்குள்ள போகணும்."

"அப்போ, வேர்க்குதுன்னு மனு போடணும். அனுமதி எப்ப வரும்?"

டாக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன்னைக் கிண்டல் செய்தால் தானே முதலில் சிரிக்கும் மனிதர் அவர். அதனால்தான் என் கணவரோடு அத்தனை வருடம் நண்பராக இருக்க முடிந்தது. கிண்டல் முடிந்த திருப்தியில் என் கணவர் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். மதியம் ஓர் ஆஸ்பத்திரியின் மொட்டை மாடியில், லிஃப்ட் மோட்டார் அறையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இரண்டு மாடி கீழே இருந்து டாக்டர்கள் ஓடி வந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட்டில் இருக்கும் பட்டன்களே உலகத்துக்குப் போதும் என்பது அவர் கட்சி. "மேல, கீழ, திற, மூடு. இதுக்கு மேல ஒரு மெஷின்கிட்ட என்ன பேச்சு வேண்டிக்கிடக்கு?" என்பார். அப்படிச் சொல்பவர் கடைக்கு வந்த ஒரு சாமானையும் விட்டுவைத்ததில்லை. திட்டுவதற்காகவே வாங்குவார். பால் தீர்ந்ததும் போனுக்குச் செய்தி அனுப்பும் ஃபிரிட்ஜ் வந்தபோது, "தீர்ந்துபோச்சுன்னு எனக்கே சொல்லுதே, தீர்த்தவனே நான்தானே" என்று ஒரு வாரம் புலம்பினார். நடையைக் கணக்குப் பண்ணும் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையை ஆட்டி அதை ஏமாற்றினார். "பாரு, இதுக்கு என்னைவிட அறிவு கம்மி" என்று என்னிடம் காட்டியபோது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே.

பீர் காய்ச்சுவதில் மட்டும் கிண்டலோடு பக்தியும் இருந்தது. கார் ஷெட்டை அதற்கே எழுதிக் கொடுத்துவிட்டார். கார் வெயிலில் நின்றது. மாதம் ஒருமுறை அவரைப் போன்ற நாலைந்து பேர் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். முறை யாருடையதோ அவருடைய பீரை எல்லோரும் குடித்துவிட்டுக் கிழி கிழி என்று கிழிப்பார்கள். அதுதான் கூட்டம். அந்தக் குழுவில் இருந்த கணக்கு வாத்தியார் ஒருமுறை, பீப்பாயின் சூட்டைப் போனிலேயே பார்க்க ஒரு கருவி வாங்கி வந்து காட்டினார். "ஈஸ்ட்டுக்கு எதுக்கு வாத்தியாரே வைஃபை? அது யாருக்குப் போன் பண்ணப் போவுது?" என்று இவர் கேட்டதில் வாத்தியார் அதைப் பையில் வைத்தவர்தான், மறுபடி எடுக்கவே இல்லை.

காரியங்கள் எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு ஷெட்டைத் திறந்தேன். மூலையில் பீப்பாய் மூடியின் குழாயில் ஒரு குமிழ் எழுந்து 'ப்ளுக்' என்றது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அவர் போவதற்கு முந்தின ஞாயிறு காய்ச்சி ஊற்றியது, இன்னும் புளித்துக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் அவர் முறை.

மகளைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "கூட்டம் நம்ம வீட்லதான் நடக்கணும். இதை அவங்க குடிச்சுத் திட்டணும்."

"நமக்கு இதுல என்னம்மா தெரியும்? வீணாப் போச்சுன்னா?"

"வீணாப் போகக் கூடாது. அவ்வளவுதான்."

இதை விட்டால் அவர் காய்ச்சியது என்று இனி எதுவும் கிடையாது.

பல் டாக்டர் உதவிக்கு வந்தார். அவர் குடிக்க மாட்டார். ஆனால் என் கணவர் பாட்டிலில் நிரப்புவதைப் பலமுறை வேடிக்கை பார்த்தவர். மூடுவதற்கு முன் கொஞ்சம் சர்க்கரை சேர்க்க வேண்டும். மூடிய பாட்டிலுக்குள் ஈஸ்ட் அதைத் தின்று வாயு விடும். அதில்தான் நுரை வரும். இந்த விஷயம் எங்கள் இருவருக்குமே தெரிந்திருந்தது. வினையே அதுதான்.

நிரப்புவதற்கு முந்தின நாள் மாலை டாக்டர் கரும்பழுப்பு நிறப் பாட்டில்களைத் தன் கிளினிக்குக்கு எடுத்துப்போய், பல் கருவிகளைக் கொதிக்க வைக்கும் பெட்டியில் வைத்துச் சுத்தம் செய்து, வாயில் தாள் சுற்றிக் கொண்டுவந்து வைத்தார். நான் மறுநாள் காலை வீடியோ பார்த்துச் சர்க்கரைப் பாகு காய்ச்சிப் பீப்பாயில் ஊற்றினேன். பிறகு மூவரும் சேர்ந்து நிரப்பினோம், மூடினோம், கைகுலுக்கிக்கொண்டோம்.

பத்துப் பதினைந்து நாள் இருக்கும். விடுமுறை நாள், மதியம். நான் வேலை பார்க்கும் நூலகத்திலிருந்து எடுத்து வந்த கிழிந்த அகராதிக்கு முதுகு ஒட்டிக்கொண்டிருந்தேன். டமார் என்றது. டாக்டர் லுங்கியோடு தெருவுக்கு ஓடினார்.

"ஐயோ, என் காரா?"

"உங்க கார் வெடிச்சா சத்தம் வராது டாக்டர் அங்கிள். மெனுவுக்குள்ள போய்த்தான் பாக்கணும்" என்றாள் மகள், ஜன்னல் வழியாக.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியே அப்பன் குரல்.

ஷெட்டிலிருந்து அடுத்த டமார். கண்ணாடித் துண்டுகள் கதவின் உள்பக்கத்தில் மோதி விழுந்தன. டாக்டர் வாசலிலேயே நின்று மெதுவாகக் கேட்டார்:

"அண்ணி, நீங்க பாகு எதுவும் காய்ச்சலையே?"

"காய்ச்சிப் பீப்பாய்ல ஊத்தினேனே. ஏன்?"

"நான் பாட்டிலுக்குள்ள சர்க்கரை போட்டுத்தானே தாள் சுத்தினேன். அண்ணன் அப்படித்தான் போடுவாரு."

"சொல்லக் கூடாதா?"

"சர்க்கரைக் கணக்கைப் பேசி, நீங்க இருக்கற நிலைமையில, உங்களைத் தொந்தரவு பண்ண வேணாம்னு..."

இரண்டு பங்கு சர்க்கரை. ஒவ்வொரு பாட்டிலும் ஒரு வெடிகுண்டு. பேசாமல் கதவைப் பூட்டிவிட்டு, எல்லாம் தானாக வெடித்துத் தீரட்டும் என்று விடலாம் என்றாள் மகள். நான் மாட்டேன் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு போய் ஈரப் போர்வை கொண்டுவந்தாள்.

என் தலையில் என் கணவரின் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட். டாக்டருக்குக் கிளினிக்கின் முகக் கவசம், கையில் தடித்த தோட்டக் கையுறை. போர்வை போர்த்தியபடியே பாட்டில்களை ஒவ்வொன்றாக ஷெட்டிலிருந்த பழைய ஃபிரிட்ஜுக்குக் கடத்தினோம்; குளிர்ந்தால் வீரியம் அடங்கும். அதற்குள் இன்னும் மூன்று போயிற்று. மறுநாள், மூடியின் ஓரத்தை நெம்பிக் கொஞ்சம் வாயுவை விட்டு மறுபடி அழுத்தி மூடும் வேலை. டாக்டர் முதல் பாட்டிலைப் பிடித்ததும் பழக்க தோஷத்தில், "பயப்படாதீங்க, ஒரே நிமிஷம்தான், வலிக்காது" என்றார்.

"துப்பச் சொல்லுங்க டாக்டர்" என்றேன்.

அது துப்பவும் செய்தது. நுரை கூரைவரை போய் அவர் கவசத்தில் இறங்கியது. மகள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த வீட்டில் அவர் போன பிறகு நாங்கள் சத்தமாகச் சிரித்தது அன்றுதான்.

காலையும் மாலையுமாகச் சில நாள் இந்த வைத்தியம் நடந்தது. வெடித்ததும் வழிந்ததும் போக, ஒரு கூடை தேறியது.

கூட்டத்தன்று எல்லோரும் வந்தார்கள். துக்க வீட்டுக்கு வரும் முகத்தோடு வந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஊற்றினேன். தம்ளரில் முக்கால்வாசி நுரைதான். குடித்தார்கள். நல்லா இருக்கு என்று மரியாதையாகத் தலையை ஆட்டினார்கள். எனக்கு அழுகை வரும் போலிருந்தது. பாட்டில்களை அதற்காகவா காப்பாற்றினேன்?

"வாத்தியாரே, வழக்கம் போல சொல்லுங்க" என்றேன்.

அவர் தம்ளரை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். "நுரை கொஞ்சம் தூக்கல்."

"கொஞ்சமா? இதைக் கன்னத்துல தடவிக்கிட்டா சவரமே பண்ணலாம்" என்றார் பக்கத்திலிருந்தவர்.

"பீர் எங்கய்யா? ஊத்தினாங்களா, இல்ல ஊதினாங்களா?"

அவ்வளவுதான், கட்டவிழ்ந்தது. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டினார்கள். சர்க்கரைக் கதையைக் கேட்டு டாக்டரைப் பந்தாடினார்கள். வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தம்ளர் கேட்டார்.

எனக்கும் மகள் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தாள். நுரையை ஊதி விலக்கிவிட்டு ஒரு வாய் குடித்தேன். லேசாக வாழைப்பழ வாசம் வந்தது. ஷெட் சூட்டில் புளிக்க விட்டால் அப்படி வரும் என்று எல்லோரும் சொல்லியும் என் கணவர் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. அவர் காய்ச்சிய ஒவ்வொன்றிலும் இருந்த அந்த வாசம் இதிலும் அப்படியே இருந்தது.