குளத்துக்கு மூன்று நிமிடம்

டிசம்பர் மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை மாலை ஆறே முக்காலுக்கு ஓக் தெருவிலிருந்து புறப்பட்ட பொது நீச்சல் குளம், ஏழு மணி அடிப்பதற்குள் டால்பி நகரசபைக் கூடத்துக்கு வந்து சேர்ந்தது. மினசோட்டாவில் அன்றைக்குக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி. வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வருவது ஊர் வழக்கம். குளத்துக்குக் கழற்ற ஒன்றுமில்லாததால் கால்மிதியில் சற்று நின்று, ஒட்டியிருந்த பனியை உதறிவிட்டு, கடைசி வரிசை நாற்காலிகளுக்கு அடியில் போய் அடக்கமாகப் பரவி உட்கார்ந்தது. அடுத்த ஆண்டின் சொத்து வரி பற்றி ஊரார் கருத்தைக் கேட்டு முடிவெடுக்கும் கூட்டம் அது. பேச விரும்புகிறவர்கள் பெயர் எழுதும் தாளில் ஐந்தாவது வரி ஈரமாக இருந்தது. முப்பது ஆண்டுகளாக எழுத்தராக இருக்கும் லவோன் ஸ்டாட்ஸ்வோல்ட் அதை ஒற்றி எடுத்து, "ஓக் தெரு, பதினாலு. உள்ளூர்தான், பேசலாம்" என்று குறித்துக்கொண்டாள்.

மேசையின் கோடியில் இருந்த சபை உறுப்பினர் டெல்மர் க்ரோக்ஸ்டாட் மட்டும் கால்களை நாற்காலிக்கு மேலே இழுத்துக்கொண்டார். அறுபத்தெட்டு வயதுவரை அவர் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை, அவ்வளவு பயம். போதாக்குறைக்கு, இரும்புக் கடையை விற்றுவிட்டுத் தேர்தலில் நின்றபோது வீடு வீடாகப் போய், வரி ஒரு சென்ட்கூட ஏறாது என்று கைகுலுக்கி வாக்குக் கொடுத்திருந்தார். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு கைகள். ஐந்து பேர் கொண்ட சபை குளத்தின் விஷயத்தில் இரண்டுக்கு இரண்டாக நின்றது, ஐந்தாவது ஓட்டு அவருடையது.

நிலைமை இங்கே வந்து நின்றதற்குக் காரணம் எலுமிச்சைக் கேக். டால்பியில் கூட்டம் என்றால் காபியும் ஒரு தட்டு எலுமிச்சைக் கேக்கும் உண்டு. கடைசித் துண்டை மட்டும் யாரும் தொடமாட்டார்கள், பேராசைக்காரன் என்ற பெயர் வந்துவிடும். அதைப் பாதியாக வெட்டி ஒரு பாதியை எடுத்துக்கொள்வார்கள். அடுத்தவர் மிச்சத்தில் பாதி. கடைசியில் ஒரு பொடி கிடக்கும், லவோன் துணியால் துடைக்கும்போது எல்லோரும் ஜன்னலைப் பார்ப்பார்கள். குளத்தையும் இதே கையால்தான் வெட்டினார்கள். மூட மனமில்லை, செலவழிக்கவும் மனமில்லை. குளம் திறந்திருக்கும் மூன்று மாதம் ஆறு வாரமானது, முழு நாள் அரை நாளானது, இப்படிப் பதினோரு ஆண்டுகளில் ஜூலை மாதப் புதன்கிழமைகளில் ஒரு மணி நேரம் மட்டும் மிஞ்சியது. அந்த ஒரு மணி நேரத்தில் ஊரே இறங்கி நின்றதால், கையைத் தூக்கியவர்கள் இறக்க இடமில்லாமல் மணியடிக்கும்வரை தூக்கியபடியே இருந்தார்கள். இனி வெட்டுவதற்கு ஒன்றுமில்லை. கோடை முழுக்கத் திறப்பதானால் வரி ஆறு சதவீதம் ஏற வேண்டும், வீட்டுக்கு ஆண்டுக்கு நாற்பத்தொரு டாலர். இல்லையென்றால் குளத்தை மண் போட்டு மூட வேண்டியதுதான்.

மூன்று பேர் பேசி முடித்தபின் ஹார்லன் பஸ் எழுந்தார். ஏரிக்கரையில் தூண்டில் கடை வைத்திருப்பவர். "நாப்பத்தொரு டாலர் மரத்துலயா காய்க்குது? டெல்மர், நீ என் கையப் புடிச்சுச் சொன்ன. மறந்துட்டேன்னு மட்டும் சொல்லிடாத. அன்னைக்கு உன் கை ஜில்லுன்னு இருந்துச்சு, இன்னும் ஞாபகம் இருக்கு." மூன்று நிமிடம் என்பது விதி, அவர் ஏழு நிமிடம் பேசினார்.

"அடுத்தது ஓக் தெரு பதினாலு," என்றார் மேயர் க்வென் ஓபர்ஹோல்ட். "மைக் கிட்ட வாங்க."

குளம் எழுந்தது. முதல் நிமிடத்தில் இடுப்பளவு, இரண்டாவதில் கழுத்தளவு. வெதுவெதுவென்று, அசல் ஜூலைத் தண்ணீர், வெயிலும் வறுத்த சோளமும் மணந்தது. நாற்காலிகள் மிதந்தன. ஹார்லன் தொந்தியை மேலே காட்டி மல்லாந்து, வரியையும் மறந்து கெக்கலித்துக்கொண்டிருந்தார். டெல்மர் மேசையைக் கட்டிப்பிடித்தார், மேசையும் மிதந்து போயிற்று.

"லவோன், எனக்கு நீச்சல் தெரியாது!"

"அது ஊருக்கே தெரியும். மல்லாந்து படு. காது நனையட்டும்."

"முழுகிடுவேன்!"

"அட, படுய்யா! தீர்மானம் எங்கயும் ஓடிடாது."

படுத்தார். தண்ணீர் அவரைத் தாங்கிக்கொண்டது. அறுபத்தெட்டு ஆண்டுகளாகத் தன்னைத் தானே தூக்கிச் சுமந்த மனிதருக்கு அப்படியொரு சந்தோஷம் வந்தது, வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்தில் தட்டு மிதந்து வந்தது, அதில் கடைசித் துண்டு கேக். டெல்மர் அதை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டார். இந்த முறை யாரும் ஜன்னலைப் பார்க்கவில்லை. அதற்குள் மணியடித்தது. குளம் விதியை மதித்து, ஒரு நொடிகூட அதிகம் எடுக்காமல் கடைசி வரிசைக்கு அடியில் வடிந்து உட்கார்ந்தது.

சொட்டச் சொட்ட எழுந்து நின்றார் டெல்மர். "உங்க எல்லாருக்கும் நான் வாக்குக் குடுத்தேன். இப்ப அத உடைக்கிறேன். பாதியா இல்ல, முழுசா. ஆறு சதவீதம், என் ஓட்டு ஆமா."

ஹார்லன் சட்டையைப் பிழிந்தபடி கேட்டார்: "அந்தத் துண்ட முழுசாவா தின்ன?"

"முழுசா."

"எப்படி இருந்துச்சு?"

"கொஞ்சம் குளோரின் வாசன. ஆனா பிரமாதம்."

ஜனவரி முழுவதும் டெல்மர் நானூற்றுப் பன்னிரண்டு கதவுகளையும் மறுபடி தட்டி மன்னிப்புக் கேட்டார். பல வீடுகளில் காபி கிடைத்தது, சிலவற்றில் கதவு சாத்தப்பட்டது. கோடையில் ஆழமான பக்கத்தில் நீந்தினார், நவம்பரில் ஒன்பது ஓட்டில் தோற்றார். டிசம்பரில் குளம் மறுபடி வந்தது. காபிக்குப் பக்கத்தில் லவோன் துவாலைகளை அடுக்கி வைத்திருந்தாள், ஊரார் கம்பளிக்குள் நீச்சலுடை போட்டிருந்தார்கள். பேசுவோர் பட்டியலில் முதல் பெயர் டெல்மருடையது. அவர் மைக்குக்கு வந்து, தன் மூன்று நிமிடத்தையும் குளத்துக்கு விட்டுக்கொடுப்பதாகச் சொல்லிவிட்டுக் கம்பளிக் கோட்டைக் கழற்றினார். அடுத்த பெயர் ஹார்லன், அவரும் விட்டுக்கொடுத்தார். அப்படியே எழுபத்தாறு பேர். கூட்டம் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக நடந்ததாகவும், வரித் தீர்மானம் மிதந்தபடியே ஒருமனதாக நிறைவேறியதாகவும் பதிவேட்டில் லவோன் எழுதியிருக்கிறாள்.