ஒற்றைத் தும்மல்

அன்று வெள்ளிக்கிழமை. கார் ஷோரூம் ஷட்டரைத் தூக்கும்போதே நான் போய் வாசலில் நின்றுவிட்டேன். என் வீட்டுக்காரர் அர்ஜுனன் உள்ளே வரவில்லை. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் புளியமரத்தடியில் காரை நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார். "நீயே பேசு தனம். நான் வந்தா சண்டை வந்துடும்" என்றார். சண்டை வந்துவிடுமாம்! கார் வாங்கிய அன்றைக்கே போட்டிருக்க வேண்டிய சண்டை அது.

பத்து வருஷமாகச் செங்கம் ரோட்டில் அடுத்தவர் வண்டியை ஓட்டியவர். எங்கள் ஊர் ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்களைச் சென்னை ஏர்போர்ட்டிலிருந்து கூட்டி வருவதும் திரும்பக் கொண்டுபோய் விடுவதும்தான் பிழைப்பு. சொந்த வண்டி வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆசையில் தப்பில்லை. நானும்தான் ஆசைப்பட்டேன். ஃபைனான்ஸில் வாங்கினோம். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் எனக்கு ஒரு மனை இருந்தது. எங்கள் அம்மா பால் ஊற்றிச் சேர்த்த காசில் என் பேருக்கு வாங்கித் தந்தது. அந்தப் பத்திரத்தையும் "சும்மா ஒரு பாதுகாப்புக்கு" என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

மாசத் தவணை எவ்வளவு என்பது மட்டும்தான் அன்றைக்கு எங்கள் காதில் விழுந்தது. கடன் குறையக் குறைய வட்டியும் குறையும் என்று நினைத்தோம். கடைசி மாசம் வரைக்கும் முழுக் கடனுக்கும் வட்டியாம். சித்திரை வெயில் வந்ததும் வெள்ளைக்காரர்கள் ஊரைக் காலி செய்துகொண்டு போனார்கள், வண்டி வாசலில் நின்றது, தவணை தவறியது. தவறினதற்கு அபராதம், அந்த அபராதத்துக்கும் வட்டி. சரி, தலையை விட்டது போதும், காரை விற்றுக் கடனை முடித்துவிடலாம் என்று போனால், நடுவில் முடிப்பதற்கும் ஒரு சார்ஜ் உண்டு என்றார்கள். கடன் வாங்கினாலும் காசு, திருப்பிக் கொடுத்தாலும் காசு. இப்படி ஒரு வியாபாரத்தை நான் சந்தையில்கூடப் பார்த்ததில்லை.

போளூர் மணி என்பவர், கடன் முடிந்த பிறகு காரை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் பணத்தை முன்னாலேயே கொடுத்தார். அவர் கொடுத்த பணமும் என் வளையல் விற்ற பணமும் அசலுக்கும் வட்டிக்கும் சரியாகப் போயிற்று. அபராதமும் அந்த சார்ஜும் சேர்ந்து நாற்பதாயிரம் இடித்தது. கேட்க வேண்டிய இடத்தில் எல்லாம் கேட்டாகிவிட்டது. ஃபைனான்ஸ்காரர் மனம் வைத்து அதைத் தள்ளுபடி செய்தால் என் பத்திரம் கைக்கு வரும். இல்லையென்றால் மனையை விற்றுத்தான் கட்ட வேண்டும். அதற்காகக் கெஞ்சத்தான் அன்றைக்குப் போனேன்.

மேனேஜர் கோபி. வண்டி விற்பதும் அவர்தான், ஃபைனான்ஸ் போட்டுத் தருவதும் அவர்தான். நான் சொன்னதையெல்லாம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"தள்ளலாம்மா. என் கையிலதான் இருக்கு. இப்ப ஒரு டெலிவரி இருக்கு, அது முடியட்டும். நீங்க நம்ம பழைய கஸ்டமரு, சுமங்கலி வேற. ஆரத்தித் தட்டை நீங்களே புடிங்க. அவங்க ஏதாவது கேட்டா நல்லதா ரெண்டு வார்த்தை சொல்லுங்க. அவங்க கெளம்புனதும் உங்க கணக்கை முடிச்சிடறேன்."

இதைவிட வேறு என்ன வேண்டும்? அண்ணாமலையாரே கண்ணைத் திறந்துவிட்டார் என்று சந்தோஷமாக ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

டெலிவரிக்கு வந்தவர்கள் ஒரு கிராமத்துப் புருஷன் பெண்டாட்டி. அவர் பேர் சின்னசாமி, அந்த அம்மா பேர் உண்ணாமலை. மகன் டிரைவிங் கற்றுக்கொண்டு சும்மா இருக்கிறானாம், அவனுக்காக வாங்குகிறார்கள். அவர் வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா மடியில் ஒரு மஞ்சள் பை வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தார்.

கோபி முதலில் காபி வரவழைத்தார். பிறகு வண்டியைச் சுற்றிக் காட்டினார். கதவைத் திறந்து மூடிக் காட்டினார். பாட்டுப் பெட்டியைப் போட்டுக் காட்டினார். பிறகு ஸ்வீட் வந்தது. மகன் எங்கே படித்தான், கிணற்றில் தண்ணீர் எவ்வளவு என்று ஊர்க்கதை எல்லாம் கேட்டார். பேப்பரை மட்டும் எடுக்கவில்லை. அவர் தலைக்கு மேலே பெரிய கடிகாரம். பக்கத்தில் நாள்காட்டி, அதில் அன்றைய ராகு காலத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை என்றால் பத்தரைக்கு ராகு காலம்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்களுக்கும் போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை இதே காபி, இதே ஸ்வீட், இதே ஊர்க்கதை. கத்தைப் பேப்பர் மேஜைக்கு வந்தபோது பத்தரைக்குப் பத்து நிமிஷம்தான் இருந்தது. "வட்டி எப்படிங்க கணக்கு?" என்று நான் வாயைத் திறந்தேன். கோபி கடிகாரத்தைக் காட்டினார். "அம்மா, ராகு காலம் நெருங்குது." என் வீட்டுக்காரர் என் தொடையில் தட்டினார். "நல்ல நேரம் போயிடும் தனம். அதெல்லாம் அப்புறம் கேட்டுக்கலாம்." பேனாவை வாங்கிப் பெருக்கல் குறி போட்ட இடத்தில் எல்லாம் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். நேரம் நன்றாக இருந்தது, மற்றதுதான் சரியில்லை.

இப்போதும் கோபி கடிகாரத்தைப் பார்த்துத் திடுக்கிட்டவர் மாதிரி எழுந்தார். "அடடா, பேச்சுல நேரம் போனதே தெரியல. பத்தரைக்குள்ள முடிச்சிடணுமே! பேப்பர் கொண்டாங்க, சீக்கிரம்!" நடிப்பு என்றால் அப்படி ஒரு நடிப்பு. என் கையில் தட்டைக் கொடுத்தார்கள். சூடம், குங்குமம், பூ, நடுவில் கார் சாவி.

உண்ணாமலை அம்மா மஞ்சள் பையைத் திறந்தார். உள்ளே இருந்து முத்திரைத்தாள் முனை தெரிந்தது. நிலப் பத்திரம்.

"ஏம்மா, நீயும் இங்கதான் வாங்குனியாமே?" என்று என்னைக் கேட்டார். "எல்லாம் சரியா இருக்குதா?"

கோபி என்னைப் பார்த்துச் சிரித்தார். என் மனை என் கண்முன்னால் வந்தது. வேலியோரம் எங்கள் அம்மா நட்ட முருங்கை வந்தது. உண்மையைச் சொன்னால் என் மனை போயிற்று. பொய் சொன்னால் இவர்கள் நிலம். சொன்னாலும் சின்னசாமி கேட்பாரா? கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனுஷன் காதில் எதுவும் ஏறாது, அது நான் என் வீட்டில் படித்த பாடம்.

சின்னசாமி பேனா மூடியைக் கழற்றி, முருகா என்று சொல்லி, முதல் தாளில் முனையை வைத்தார்.

நான் தும்மினேன்.

வரவழைத்த தும்மல்தான். ஆனாலும் ஷோரூம் கண்ணாடி அதிரத் தும்மினேன். ஒரே ஒரு தும்மல்.

சின்னசாமி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். உண்ணாமலை அம்மா முகம் கறுத்துப்போயிற்று. "நல்ல காரியத்துல ஒத்தைத் தும்மலா! தட்டைப் புடிச்சிக்கினு தும்முறாளே!"

"இருங்க, இருங்க, இன்னொண்ணு வரும்" என்றார் கோபி. "ரெட்டைத் தும்மல்னா தோஷம் இல்ல." எல்லோரும் என் மூக்கையே பார்த்தார்கள். கணக்கு எழுதுகிற பெண்ணும் எழுந்து நின்று பார்த்தாள். பாழாய்ப்போன குங்குமம் நெடியேற, அப்போது நிஜமாகவே எனக்கு மூக்கு அரித்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இரண்டாவது தும்மல் வரவில்லை. சின்னசாமி எழுந்து போய் முகம் கழுவினார். தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவர் கண்ணைத் திறந்தபோது கடிகார முள் பத்தரையைத் தாண்டியிருந்தது.

"போச்சு. இனி பன்னெண்டு மணிக்குத்தான்" என்றார்.

கோபி பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். "இந்தக் காலத்துல போயி ராகு காலம் அது இதுன்னு... அதெல்லாம் மூடநம்பிக்கைங்க பெரியவரே."

"நீங்கதானே தம்பி பத்தரைக்குள்ள முடிக்கணும்னீங்க?"

கோபி என்னை மட்டும் உள் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"நல்லாத் தும்முனீங்கம்மா. முழுத் தொகையையும் கட்டிட்டுப் பத்திரத்தை எடுத்துக்கங்க. ஒரு ரூபா கம்மி கிடையாது."

"சார், மூக்குல குங்குமம்..."

"வெளியில போங்க."

வெளியே வந்தேன். உண்ணாமலை அம்மா வழி மறித்த மாதிரி காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "வேணும்னே தும்முனியா?" என்றார். பொம்பளை கண்ணைப் பொம்பளை ஏமாற்ற முடியுமா?

"ஆமாங்க்கா."

"எங்க மேல உனக்கு என்னம்மா அவ்ளோ வயித்தெரிச்சல்?"

"வயித்தெரிச்சல்தான். உங்க மேல இல்ல." அவருடைய மஞ்சள் பையைக் காட்டினேன். "என் பத்திரமும் இந்த மாதிரிதான்க்கா பையில வந்துச்சி. இங்கதான் இருக்குது, திரும்பி வரல. ராகு காலத்துல கையெழுத்துதான் போடக் கூடாது. கேள்வி கேக்கலாம். ஒரு தவணை தவறுனா என்ன ஆகும், நடுவுல முடிச்சா எவ்ளோ புடிப்பாங்கன்னு ரெண்டே ரெண்டு கேளுங்க. பன்னெண்டு மணி வரைக்கும் உங்களுக்கு வேற என்ன வேலை?"

அந்த அம்மா மஞ்சள் பையின் வாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். நான் கண்ணாடிக் கதவைத் தள்ளும்போது பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. "ஏம்பா மேனேஜரு, இங்க கொஞ்சம் வா. ஒரு மாசம் கட்ட முடியலன்னு வையி..."

ரோட்டைத் தாண்டினேன். பெரிய தியாகம் செய்துவிட்ட நிறைவு எல்லாம் எனக்கு வரவில்லை. என்ன காரியம் செய்தாய் பாவி என்றுதான் இருந்தது. அந்த அம்மா யார், நான் யார்? இந்த ஜென்மத்தில் இனிமேல் ஒரு மனை வாங்க முடியுமா?

காருக்குள் ஏறி உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் ஆசையோடு திரும்பினார். "தள்ளிட்டாங்களா?"

"இல்ல. மனையை வித்துடலாம்."

"கெஞ்சிப் பாத்தியா? கால்ல விழுந்தாவது..."

"தள்றேன்னுதான் சொன்னாரு. நான்தான் கெடுத்துட்டேன்" என்று நடந்ததை முழுக்கச் சொன்னேன். கடிகாரம், காபி, மஞ்சள் பை, தும்மல் எல்லாம். சொல்லி முடித்துவிட்டு, திட்டு விழப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன். திட்டினால் நானும் நாலு பேச்சுத் தயாராக வைத்திருந்தேன்.

அவர் திட்டவில்லை. ஸ்டியரிங்கில் கட்டியிருந்த மஞ்சள் கயிற்றை, போன வருஷம் அதே ஷோரூம் வாசலில் கட்டியதை, நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"போன வருஷமே தும்மியிருக்கக் கூடாதா தனம்?"