போர் போட்ட குழியில் வந்த ஜனாதிபதி

ஏரியூருக்கு மேற்கே அருள்ராணியின் காட்டில் போர் போட்டபோது தண்ணீர் வரவில்லை. பல்கேரியா நாட்டின் முன்னாள் ஜனாதிபதி வந்தார். அதற்கு முன் இரண்டு இடத்தில் போட்டு வெறும் புழுதிதான் கிளம்பியிருந்தது. மூன்றாவது குழியிலிருந்து குழாயை மேலே இழுத்தபோது, அதன் நுனியைப் பிடித்தபடி, கோட்டும் டையுமாக, உடம்பெல்லாம் கல்மாவு படிந்த வயதான வெள்ளைக்காரர் ஒருவர் ஏறி வந்தார். குழி ஒரு சாண் அகலம்கூட இல்லை. அவரோ நல்ல பருமன். "அக்கா, தண்ணி இல்லீங்க. ஆளுதான் வந்துருக்காரு," என்று சொல்லிவிட்டு மதியழகன் போர் வண்டியை அடுத்த ஊருக்குத் திருப்பினான்.

அருள்ராணியின் கணவன் மரியசூசை இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அடக்கத்தன்று அவளுக்கு அழுகை வரவில்லை, பிறகும் வரவில்லை. கல்லு மாதிரி இருக்கிறாள் என்று கோயில் வாசலில் பேசிக்கொண்டார்கள். அவளும் அதை மறுக்கவில்லை. வந்தவருக்குக் களியும் கீரையும் வைத்தாள். அவர் என்ன ஏதென்று கேட்காமல் சாப்பிட்டார். தோப்ரோமிர் என்ற பெயரை ஊர் தோப்பையா ஆக்கிக்கொண்டது. பாதி வீடுகளில் கன்னடமும் தெலுங்கும் புழங்குகிற ஊரில் இன்னொரு பாஷையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆடி பிறப்பதற்குள் அவர் பேசுவது இவர்களுக்கும், இவர்கள் பேசுவது அவருக்கும் பழகிவிட்டது.

அவர் புகையிலைத் தோட்டக் கூலியின் மகன். ரயில்வே கேட் மூடித் திறந்தவர். பழைய ஆட்சி கவிழ்ந்த குளிர்காலத்தில் ஒரு லாரிமேல் ஏறி, ரொட்டிக்கடை வரிசை ஏன் நகரவில்லை என்று கேட்டார். கூட்டம் அவரை அதற்குப் பிறகு கீழே இறங்கவே விடவில்லை. ஜனாதிபதி ஆனார். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். சுரங்கங்கள் மூடின, பிள்ளைகள் வெளிநாடு போனார்கள், பேண்டு வாத்தியத்தோடு விருந்தாளிகள் வந்து போனார்கள். அடுத்த தேர்தலில் தோற்றார். மாளிகையை விட்டு இறங்கியபோது கடைசிப் படிக்குக் கீழே இன்னொரு படி இருந்தது. அதிலும் இறங்கினார். அதற்குக் கீழேயும் இருந்தது. மனைவி இறந்த சேதி பாதி வழியில் காதில் விழுந்தபோதும் அவர் நிற்கவில்லை.

"வருத்தமா இல்லீங்களா?" என்று அருள்ராணி கேட்டாள்.

"இல்லீங்க. காலு மட்டும் வலிச்சுது."

அவள் தலையாட்டிவிட்டு அவருக்கு இன்னொரு உருண்டை களி வைத்தாள்.

ஜனாதிபதி என்று கேள்விப்பட்டு பென்னாகரத்திலிருந்தெல்லாம் மனுவோடு வந்தார்கள். பட்டா, முதியோர் பணம், யானை மிதித்த சோளம் என்று எல்லாவற்றையும் அவர் கடைசிவரை கேட்டார். எதுவும் நடக்கவில்லை. "இவராச்சும் உக்காருன்னு சொல்றாருங்க," என்று முதியோர் பணத்துக்கு அலைந்த முனியம்மாள் மாதாமாதம் வந்தாள்.

மறு வருடம் அவருடைய கட்சிக்காரர்கள் இரண்டு பேர் காரில் வந்தார்கள். அங்கே மறுபடி தேர்தல், இந்தமுறை நிச்சயம் ஜெயிப்பார் என்றார்கள். திரும்பப் போவதற்கு அத்தனை படியும் ஏற வேண்டுமா என்று மட்டும் அவர் கேட்டார். ஏறித்தான் ஆகவேண்டும் என்றார்கள். அவர் அருள்ராணியைப் பார்த்தார்.

"போறதுன்னா போங்க. இருக்கறதுன்னா நாளைக்குத் தக்காளி பறிக்க ஆளு கொறையுது."

கார் வெறுமனே திரும்பிப் போனது.

விடிந்ததும் கூலியாட்களை ஏற்ற டெம்போ வந்தது. அதை ஓட்டிவந்த கிருஷ்ணப்பன் ஊருக்குப் புதியவன். கோட்டைக் கழற்றாமல் கூடையோடு நின்றவரைப் பார்த்து, "இவரு யாருங்க?" என்றான்.

"எங்க வூட்டு ஆளுங்க," என்றாள் அருள்ராணி. சொன்னதும் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அழுகையாகவும் இருக்கலாம், புழுதியாகவும் இருக்கலாம். கிருஷ்ணப்பன் பின்கதவைத் திறந்துவிட்டான். ஜனாதிபதி முதலில் ஏறி, அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.