கொள்ளைக் கப்பலில் விட்ட டப்பா

அவரை ஊரே கேப்டன் என்று கூப்பிட்டது மரியாதைக்கு இல்லை. மனிதர் வாழ்நாளில் ஒரு தோணியைக்கூட ஓட்டியது கிடையாது. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் அடியில் ஒட்டியிருக்கும் சிப்பியையும் பாசியையும் தண்ணீருக்குள் இறங்கிச் சுரண்டுவதுதான் அவர் வேலை. முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் மேலே ஏறி வந்து, "கீழ கொள்ளைக்காரக் கப்பல் கிடக்குய்யா, என் கண்ணால பாத்தேன்" என்று சொன்ன பாவத்துக்குக் கிடைத்த பட்டம் அது.

அந்தக் கப்பலின் கதை எல்லோருக்கும் தெரியும். முந்நூறு வருடத்துக்கு முன்னால் அதை ஓட்டியவனுக்குப் பொன்னிலோ பட்டிலோ ஆசை இல்லை. நங்கூரம் திருடுவான். நங்கூரம் இல்லாத கப்பல் துறையில் நிற்காது, தானாக மிதந்து வெளிக்கடலுக்குப் போகும், அங்கே அவன் அண்ணன் தம்பிகள் காத்திருப்பார்கள் என்பது திட்டம். திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. திருடிய நங்கூரத்தைத் தூக்கிப் போட அவனுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். பதினோராவது நங்கூரத்தை ஏற்றியபோது, காற்றும் இல்லாமல் சண்டையும் இல்லாமல், கப்பல் நின்ற இடத்திலேயே நிதானமாக அமிழ்ந்துவிட்டது.

எந்த இடத்தில் என்பதில்தான் வில்லங்கம். தெற்கு முனைக்கு அப்பால் என்று படித்தவர்கள் மூன்று தடித்த புத்தகம் எழுதியிருந்தார்கள். அச்சான பிறகு ஒரு கப்பல் இடம் மாறலாமா? "துறைமுகத்துக்குள்ளயே இருக்கு, குவியலா நங்கூரம் கிடக்கு" என்று ஒரு சுரண்டுகிறவன் சொன்னால் யார் கேட்பார்கள்? மறுநாள் மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு இறங்கிக் காட்டப் போனார். இரவோடு இரவாக நீரோட்டம் மாறி எல்லாவற்றையும் சேறு மூடிவிட்டிருந்தது. மேஸ்திரி மேலே வந்ததும் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்து, "கேப்டன், அடுத்த உத்தரவு?" என்றார். அன்று ஒட்டியதுதான் அந்தப் பெயர்.

ஊர் கேலியை அவர் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிட்டார். வீட்டில் நடந்ததைத்தான் விட முடியவில்லை.

கப்பலைப் பார்த்த அன்று சாயங்காலம், சாப்பாட்டு டப்பா இல்லாமல் வெறுங்கையோடு போய் நின்றார்.

"டப்பா எங்க?" என்றாள் மனைவி.

"கொள்ளைக்காரக் கப்பல்ல விட்டுட்டேன்."

"ஓகோ. அந்தக் கப்பல் எந்தத் தெருவுல இருக்கு?"

"நெசமாத்தான் சொல்றேன். கேப்டன் அறையில ஒரு முக்காலி மேல வெச்சேன். எடுக்க மறந்துட்டேன்."

"மூடி?"

"மூடியும் டப்பாவோடதான் இருக்கு."

துறைமுக வாசலில் ஒரு தையற்காரி கடை போட்டிருந்தாள். சிரித்த முகம், கைராசிக்காரி. கேப்டனின் சட்டைக்கு ஒருமுறை பொத்தான் வைத்துக் கொடுத்திருக்கிறாள். டப்பா அவள் வீட்டு அலமாரியில் கவிழ்த்து வைத்திருக்கிறது என்று மனைவி முடிவு கட்டிவிட்டாள். சண்டை போடவில்லை. போட்டிருந்தால் ஒரு வாரத்தில் ஆறியிருக்கும். மறுநாளிலிருந்து சாப்பாட்டைக் காகிதப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தாள். கொடுக்கும்போது, "இதைத் தொலைச்சாலும் பரவாயில்ல" என்பாள். இருபத்தெட்டு வருடம், ஞாயிற்றுக்கிழமை தவிர, தினமும் அந்த ஒரு வாக்கியம். ஓய்வு பெற்ற பிறகுதான் நின்றது. அதற்குப் பின் அவள் எதுவுமே சொல்லாமல் தட்டை வைத்தாள், அது இன்னும் மோசம்.

இந்த வருடம் பெரிய கப்பல்கள் வருவதற்காகத் துறைமுகத்தை ஆழப்படுத்தினார்கள். தூர்வாரும் இயந்திரம் ஒரே அள்ளலில் மூன்று நங்கூரங்களைத் தூக்கியது. அடுத்த அள்ளலில் நான்கு. உடனே வேலையை நிறுத்தினார்கள், அருங்காட்சியகத்திலிருந்து முக்குளிப்பவர்கள் வந்தார்கள், ஒரே வாரத்தில் கொள்ளைக் கப்பல் ஊரறிய வெளியே வந்துவிட்டது. மூன்று தடித்த புத்தகங்களில் ஒன்றை எழுதிய ஆய்வாளரே வந்து, தெற்கு முனையிலிருந்து கப்பல் மெல்ல நடந்து வந்திருக்க வேண்டும் என்று விளக்கம் கொடுத்தார்.

கேப்டன் முதல் ஆளாகப் போய் அருங்காட்சியகத்தின் வாசலில் நின்றார். சேறு கழுவிய சாமான்களை மேசையில் பரப்பியிருந்தார்கள். பீரங்கிக் குண்டு, குத்துவாள், நடுவில் ஒரு எவர்சில்வர் டப்பா.

"ஐயா, அது என் டப்பா."

ஆய்வாளர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "பெரியவரே, இது முந்நூறு வருஷத்துக்கு முந்தினது. அந்தக் காலத்துலயே இவங்ககிட்ட எவர்சில்வர் இருந்திருக்கு! உலகமே ஆடிப்போகப் போகுது."

"பக்கவாட்டுல எழுதியிருக்கும் பாருங்க. என் சம்சாரம் ஆணியால கீறினது."

எழுத்து இருந்தது: மூடி தொலைந்தால் வீட்டுக்கு வர வேண்டாம். கேப்டனின் மனைவிக்கு அப்படி ஒரு பழக்கம். ஆளிடம் சொல்ல வேண்டியதைப் பாத்திரத்தில் கீறிவிடுவாள்.

"இதுவா?" ஆய்வாளரின் குரல் தழுதழுத்தது. "இது கொள்ளைத் தலைவனோட ஆணை. பெட்டி மூடியைக் கவனக்குறைவா தொலைச்ச மாலுமிக்கு ஆயுள் முழுக்கக் கடல்தான். எவ்வளவு கொடூரம்!"

"அந்தக் கொடூரம் எங்க வீட்டுலதான் இருக்குங்க" என்றார் கேப்டன்.

வாதாடிப் பயனில்லை என்று வீட்டுக்கு ஓடினார். அது மூன்றடுக்குக் கேரியரின் மேல் டப்பா. பரணிலிருந்து நடு டப்பாவை எடுத்துக்கொண்டு திரும்பினார். அதிலும் அதே கையெழுத்து: சிந்தினால் துவைக்க மாட்டேன். ஆய்வாளர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பூதக்கண்ணாடியால் அரைமணி நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அதே கை. சந்தேகமே இல்ல."

"அப்பாடா" என்றார் கேப்டன்.

"இரத்தம் சிந்தினால் துவைக்க மாட்டேன்! கறையோடவே அலைவானாம், எப்பேர்ப்பட்ட திமிர்! இதை உங்க குடும்பம் முந்நூறு வருஷமா காப்பாத்தி வெச்சிருக்கு. ஐயா, நீங்க அவனோட வாரிசு." பக்கத்தில் நின்ற காவலாளியிடம் திரும்பினார். "இவரை ஊர்ல எப்படிக் கூப்பிடுவாங்க?"

"கேப்டன்னுதான் சார்."

"பரம்பரைப் பட்டம்!" என்று ஆய்வாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உண்மையைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. இந்த அபத்தத்தை ஒரே நாளில் ஊர் முழுக்க நம்பியது. மேஸ்திரி வீடு தேடி வந்து, இந்தத் தடவை நிஜமாகவே சல்யூட் அடித்துவிட்டுப் போனார். கேப்டனுக்கு அது எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவள் ஒருமுறை வந்து அந்த டப்பாவைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

"கண்காட்சி திறக்கறாங்க. வாரிசோட மனைவின்னு உனக்கும் அழைப்பு வந்திருக்கு."

"எனக்கு வேலை இருக்கு."

"டப்பா அங்க இருக்கு. உன் எழுத்து."

"முப்பத்தொரு வருஷம் கழிச்சு யார் கொண்டுபோய் வெச்சாங்களோ."

அவருக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் கடைசியாக ஒன்றைச் சொல்லிப் பார்த்தார். "தையற்காரம்மாகூட வர்றாங்களாம்."

பத்தே நிமிடத்தில் அவள் நல்ல புடவையில் வாசலில் நின்றாள்.

கண்ணாடிப் பெட்டிக்குள், சிவப்புத் துணி மேல், டப்பா இருந்தது. முக்காலியையும் கூடவே வைத்திருந்தார்கள். முக்காலியின் மேல்பலகையில் டப்பா உட்கார்ந்திருந்த வட்டம் அச்சாகத் தெரிந்தது. ஆய்வாளர் ஒலிபெருக்கியில் கொள்ளைத் தலைவனின் கொடூரத்தை விவரித்துக்கொண்டிருந்தார். கேப்டனின் மனைவி அந்த எழுத்தைப் பார்த்தாள், முக்காலியைப் பார்த்தாள், அந்த வட்டத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். முன்வரிசையில் நரைத்த தலையோடு உட்கார்ந்திருந்த தையற்காரியையும் திரும்பிப் பார்த்தாள். அவள் இவளைக் கண்டு அதே சிரித்த முகத்தோடு கையசைத்தாள்.

"மூடி எங்க?" என்றாள் மனைவி மெதுவாக.

கேப்டனுக்கு வியர்த்தது. மூடி டப்பாவோடு இருக்கிறது என்று அன்று சொன்னதுதான் முப்பத்தொரு வருடத்தில் அவர் சொன்ன ஒரே பொய்.

"மூடி டப்பாவோட இல்ல. சாப்பிட்டுட்டுப் படகு ஓரத்துல கழுவினேன். மூடி வழுக்கித் தண்ணிக்குள்ள போயிடுச்சு. அதைத் தேடித்தான் இறங்கினேன். கண்ட இடத்துலயே மூடிடலாம்னு டப்பாவையும் கையோட கொண்டுபோனேன். கப்பலுக்குள்ள போயிருக்கும்னு உள்ள நுழைஞ்சு, ரெண்டு கையாலயும் துழாவணும்னு டப்பாவை முக்காலில வெச்சேன். மூச்சு முட்டுச்சு. மேல இருந்தவன் கயித்தை இழுத்துட்டான்."

"ஒரு மூடிக்காகவா அவ்வளவு ஆழத்துக்கு இறங்கினீங்க?"

"வீட்டுக்கு வர வேண்டாம்னு எழுதியிருந்தியே."

அவள் கண் கலங்கியிருந்தது. கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். அவர் தடுப்பதற்குள் கண்ணாடிப் பெட்டியின் மேல், டப்பா எழுத்துக்கு நேர் கீழே, கிரீச் கிரீச் என்று கீற ஆரம்பித்தாள். காவலாளி விசிலை ஊதினான். ஆய்வாளர் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தார். கண்ணாடியைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், மறுபடி கண்ணாடியைப் பார்த்தார்.

"முந்நூறு வருஷம்!" என்று கூவினார். "கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்த பொண்ணுக்குக்கூட அதே கையெழுத்து ஒட்டிக்கிட்டிருக்கு! யாரும் இந்தக் கண்ணாடியை மாத்தாதீங்க!"

கூட்டம் கைதட்டியது. கேப்டன் காதில் எதுவும் விழவில்லை. சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அவள் கீறியதை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

மூடி தொலைந்தாலும் வரலாம்.

"அப்போ வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்டார்.