பக்கத்து இருக்கை

மனித குலத்தை முன்னே செலுத்துகிறவர்கள் இரண்டே வகையினர்: ஞானிகள் ஒரு வகை, கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்கள் இன்னொரு வகை. ஞானிகளின் அபிப்பிராயம் தெரியவில்லை. இது மாஸ்டரின் அபிப்பிராயம். மாஸ்டரோ தன் கையால் ஒரு வண்டியை முன்னே செலுத்திப் பல வருஷம் ஆகிவிட்டது.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவருடைய இடம் மாணவருக்குப் பக்கத்து இருக்கை. அங்கே அவர் காலடியில் தனியாக ஒரு கிளட்ச், தனியாக ஒரு பிரேக். ஸ்டீயரிங் மட்டும் கிடையாது. பள்ளி வாசல், பூங்கா, ஆஸ்பத்திரியின் பின்புறம், தபால் நிலையம், மறுபடி பள்ளி வாசல். அந்த வட்டத்தில் சுற்றிய தூரத்தை நீட்டிப் போட்டால் உலகத்தையே ஒரு சுற்று சுற்றி வந்திருப்பார். பார்த்ததென்னவோ ஆஸ்பத்திரியின் பின்புறத்தைத்தான்.

பிரேக் மாஸ்டர் என்றால்தான் ஊரில் தெரியும். எதிரே வருவது லாரியானாலும் சரி, காற்றில் பறக்கும் பிளாஸ்டிக் பையானாலும் சரி, அவர் கால் முந்திக்கொள்ளும். "என் வண்டியில ஒரு கீறல் காட்டு பார்ப்போம்" என்று மார்தட்டுவார். காட்ட முடியாதுதான். நகர்ந்தால்தானே கீறல் விழும்.

அன்று காலை பழைய மாணவி ஒருத்தி பள்ளிக்கு வந்தாள். கிளட்சை விடத் தெரியாமல் வண்டியைத் தவளையாட்டம் குதிக்கவிட்டு அழுத பெண். இப்போது பார்சல் வேன்களுக்குச் சொந்தக்காரி.

"புதுசா ஒரு வேன் எடுத்திருக்கேன் மாஸ்டர். துறைமுகத்துக்கு தினம் ஒரு நடை. காலையில கிளம்பினா சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம். முதல்ல உங்க ஞாபகம்தான் வந்துச்சு. நாளைக்கு முதல் நடை. நீங்க வரலேன்னா வேற ஆள் ரெடியா நிக்கிறான்."

மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் ஓட்டுறவன் இல்லம்மா. ஓட்டுறவங்களை உருவாக்குறவன். உன்னையே எடுத்துக்கோ..."

"என்னை எங்க மாஸ்டர் ஓட்டவிட்டீங்க? நான் காலை வைக்கிறதுக்குள்ள நீங்க பிரேக் போட்டுடுவீங்க. வெளிய போய் எங்க சித்தப்பா வண்டியில ரெண்டு குப்பைத்தொட்டியை இடிச்சப்புறம்தான் எனக்கு ஓட்டவே வந்துச்சு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மனதில் எதையும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. அதனால்தான் அதிகமாகச் சுட்டது.

மாஸ்டரின் கோபம், வெளியே பெட்டிப்பாம்பாகக் கிடந்துவிட்டு வீட்டுக்குள் கால் வைத்ததும் படமெடுக்கிற வகை. மத்தியானம் சாப்பிட வந்தவர் கைகூடக் கழுவாமல் ஆரம்பித்தார். "தவளையாட்டம் ஓட்டினவ எனக்குப் பாடம் எடுக்கிறா! வாயைப் பாரு வாயை!"

துணி திருத்தித் தைக்கிற வேலை பார்க்கும் மனைவி மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வரேன்னு சொன்னீங்களா, மாட்டேன்னு சொன்னீங்களா?"

"யோசிக்கிறேன்னு சொல்லியிருக்கேன்."

"யோசிச்சீங்க! பஸ் கம்பெனியில கூப்பிட்டப்பவும் யோசிச்சீங்க. ஆம்புலன்ஸ் ஓட்டக் கூப்பிட்டப்பவும் யோசிச்சீங்க. நீங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள நோயாளியே குணமாகி நடந்து போயிட்டிருப்பான்."

"அதுக்காக உங்கண்ணனை நடுத்தெருவுல விட்டுட்டுப் போகச் சொல்றியா?"

பள்ளி அவள் அண்ணனுடையது. மாஸ்டரின் கடைசி ஆயுதமும் அதுதான்.

"அவனை இழுக்காதீங்க. அவன் மாடிமேல மாடி கட்டி நல்லாத்தான் இருக்கான். பயமா இருக்குன்னு வாயைத் திறந்து சொல்லுங்க, ஒத்துக்கிறேன். தியாகம்னு மட்டும் சொல்லாதீங்க. எனக்குப் பத்திக்கிட்டு வருது."

சொல்லிவிட்டு அவருடைய கால்சட்டை ஒன்றை மேஜைமேல் எறிந்தாள். "ஊர்ல எல்லாருக்கும் முட்டியில தேயும். உங்களுக்கு மட்டும் உட்காருற இடத்துல தேயுது. ஒட்டுக்குமேல ஒட்டுப் போட்டாச்சு, இனி ஊசி குத்த இடமில்லை. இதைப் போட்டுக்கிட்டு வெளிய போகாதீங்க."

சாப்பாட்டு மேஜைக்கடியில் கிடந்த விரிப்பில், மாஸ்டரின் வலது கால் படும் இடத்தில் மட்டும் ஓர் ஓட்டை உண்டு. பேச்சு எல்லை மீறினால் அவர் அங்கே பிரேக் போடுவார். இப்போதும் போட்டார். மனைவி நிற்கவில்லை.

சாயங்காலம் பள்ளி முதலாளியான மச்சான் எல்லோரையும் ஆபீஸ் அறைக்கு அழைத்தார். மற்றப் பயிற்சியாளர்கள், கணக்கெழுதும் பெண், முறைக்குக் காத்திருந்த மாணவர்கள் எல்லோரும் சுவரோரம் நின்றார்கள். மச்சான் எழுந்து குரலைத் தழுதழுக்க வைத்துக்கொண்டார்.

"இன்னையிலேர்ந்து எங்க மாப்பிள்ளைதான் இந்தப் பள்ளியோட தலைமைப் பயிற்சி ஆலோசகர்! நம்ம பள்ளிக்கே அவர்தான் முதுகெலும்பு!"

கைதட்டல். மச்சான் ஒரு பிளாஸ்டிக் பேட்ஜை நீட்டினார். மாஸ்டருக்கு உள்ளே ஜில்லென்று இருந்தது. துறைமுகமும் வேனும் அந்தப் பெண்ணின் சிரிப்பும் ஒரு நொடியில் மறந்து போயின. பல் தெரியச் சிரித்தபடி, அதைச் சட்டையில் எங்கே குத்துவது என்று இடம் தேடினார்.

இடமில்லை. சட்டைப்பையின் மேலே 'முதுநிலைப் பயிற்சியாளர்' பேட்ஜ் இருந்தது. அதற்கு மேலே 'சிறப்புப் பயிற்சியாளர்'.

மாஸ்டரின் சிரிப்பு மெல்லச் சுருங்கியது.

"மச்சான், இதை எப்ப செஞ்சீங்க?"

"இன்னைக்குத்தான் மாப்ளே. காலையில அந்தப் பொண்ணு வந்துட்டுப் போனதும் கடைக்குப் போன் போட்டு..." மச்சான் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் வார்த்தை வெளியே வந்துவிட்டது.

"பஸ் கம்பெனிக்காரன் கூப்பிட்டப்ப ஒண்ணு குத்தினீங்க" என்றார் மாஸ்டர். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "ஆம்புலன்ஸ்காரன் கூப்பிட்டப்ப இன்னொண்ணு. நான் என்ன மனுஷனா, அறிவிப்புப் பலகையா?"

"மாப்ளே, பசங்கல்லாம் நிக்கிறாங்க..."

"நிக்கட்டும்! நல்லாக் கேட்கட்டும்! சம்பளம் ஏத்திக் குடுங்கன்னு நான் ஒரு நாள் கேட்டதுண்டா? கேட்கலை. ஏன்னா பேட்ஜைப் பார்த்ததும் பல்லை இளிச்சேன். இப்பக்கூட இளிச்சேன், பார்த்தீங்களா இல்லையா? உங்கமேல இருக்கிற கோவத்தைவிட எனக்கு என்மேல பத்து மடங்கு கோவம் வருது!"

மச்சானுக்கும் முகம் சிவந்தது. மரியாதை நழுவியது. "போ, போய்ப் பாரு! பூங்காவைத் தாண்டினா உனக்கு வழி தெரியுமா? நாளைக்கே திரும்பி வந்து இந்த வாசல்ல நிப்பே!"

மாஸ்டரின் வலது கால் தன் வழக்கப்படி தரையில் பிரேக்கைத் தேடி அழுத்தியது. பிரேக் பிடிக்கவில்லை. பேட்ஜுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மேஜைமேல் எறிந்தார். 'முதுநிலை' வர மறுத்தது. இழுத்த இழுப்பில் சட்டைப்பையும் சேர்ந்து வந்தது. அதையும் எறிந்துவிட்டு வெளியே நடந்தார்.

மறுநாள் விடிந்தும் கோபம் ஆறவில்லை. ஆறிவிடுமோ என்று அவரே பயந்து, அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைப்போல அதைச் சிந்தாமல் தூக்கிக்கொண்டு கிளம்பினார். சாப்பாட்டு டப்பாவை நீட்டிய மனைவி அவர் இடுப்புக்குக் கீழே பார்த்தாள். "ஐயோ, அதைப் போடாதீங்கன்னு சொன்னேனே!"

"இனிமே எனக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டாம்" என்றார் மாஸ்டர்.

வேன் நிற்கும் இடத்தில் சுமை ஏற்றுகிற ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நேற்று மாலை நடந்தது அதற்குள் தெருத்தெருவாகப் போயிருந்தது. மாணவி சாவியைக் கொடுத்தாள். மாஸ்டர் ஒரு தளபதியின் தோரணையில் கதவைத் திறந்து ஏறினார். ஓங்கிச் சாத்தினார். பெல்ட்டைப் போட்டார். நிமிர்ந்து உட்கார்ந்து, கணீரென்ற குரலில் சொன்னார்: "ம், கிளட்சை மிதி. முதல் கியர்."

எதுவும் நடக்கவில்லை. திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் யாருமில்லை. ஸ்டீயரிங் அந்தக் காலி இருக்கைக்கு முன்னால் இருந்தது.

இறங்கிச் சுற்றிக்கொண்டு போகலாம். ஆனால் அத்தனை கண்களும் வண்டிமேலேயே இருந்தன. மாஸ்டர் பெல்ட்டைக் கழற்றி, கியர் கம்பிக்கு மேலே காலைத் தூக்கிப் போட்டு, முனகிக்கொண்டே அந்தப் பக்கம் தாவினார். ஏதோ சத்தம் கேட்டது. அவர் பொருட்படுத்தவில்லை. வண்டி ஒருமுறை தவளையாட்டம் குதித்தது, பிறகு கிளம்பிவிட்டது.

பூங்கா வந்தது, போனது. ஆஸ்பத்திரிக்கு முன்பக்கம் என்று ஒன்று இருப்பதும், அங்கே பெரிய கடிகாரம் மாட்டியிருப்பதும் அன்றுதான் தெரிந்தது. நெடுஞ்சாலையில் ஒரு பிளாஸ்டிக் பை எதிரே பறந்து வந்தது. கால் பிரேக்குக்குத் தாவியது. "போடி சனியனே!" என்று கத்திக்கொண்டு அவர் ஆக்சிலேட்டரை மிதித்தார். பை கண்ணாடியில் ஒட்டிப் பிய்ந்து பின்னால் போனது. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கடல் தெரிந்தது.

சாயங்காலம் வண்டி திரும்புவதற்கு முன்பே துறைமுகத்திலிருந்து போனில் செய்தி வந்துவிட்டது. புது டிரைவர் வண்டியைவிட்டு ஒரு தடவைகூட இறங்கவில்லையாம். டீக்கு இறங்கவில்லை, சரக்கு இறக்கும்போதும் இறங்கவில்லை, கையெழுத்தைக்கூட ஜன்னல் வழியாகத்தான் போட்டாராம். "பார்த்தீங்களாடா, இதுக்குப் பேர்தான் வெறி" என்று மாணவி தன் ஆட்களிடம் சொன்னாள். அது மச்சான் காது வரைக்கும் போனது.

வந்ததும் மாஸ்டர் வண்டியைச் சுவரோரம் நிறுத்தினார். எல்லோரும் வீட்டுக்குப் போகும்வரை இருக்கையைவிட்டு அசையாமல், நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவருடைய கால்சட்டை பின்பக்கம் முழுக்கக் கிழிந்திருந்தது.