வேற ஆள்

“அவன கேற்றுக்கு வெளியிலதான் நிப்பாட்டி வெச்சிரிக்கன், புள்ள. வேற ஆள் ஒருத்தர அனுப்புங்க.”

சுலோஜனா ரீச்சரின் குரலில் கோபம் இல்லை. கறிக்கு உப்புக் காணாது என்பதுபோலத்தான் சொன்னார். இரவு மழைக்கு அறுந்த இணைய இணைப்பைத் திருத்த வந்தவனைத்தான் அப்படி நிறுத்தியிருந்தார். பின்னேரம் மகளுக்கு மோதிரம் மாற்றுகிறார்கள். கனடாவிலுள்ள மாப்பிள்ளை வீட்டார் வீடியோவில் பார்க்கவேண்டும்.

இணைய நிறுவனத்தின் மட்டக்களப்பு அலுவலகத்தில் வாடிக்கையாளர் சேவை நிர்வாகியாக இருந்த நிருஷா வழக்கமான கேள்வியைக் கேட்டாள். “அவர் மரியாதை இல்லாம ஏதும் நடந்தவரா அம்மா?”

“சேச்சே, நல்ல பொடியன். ஆனா இன்ரநெற் மிசின் சாமியறைக்குப் பக்கத்தில இரிக்கு. அவன்ட தகப்பன் எங்கட வளவுக்கு வந்து சவரம் செய்துட்டுப் போறவன். நல்ல காரியத்தண்டு அவன எப்படி உள்ளுக்கு எடுக்கிற? உங்கட கதையிலேயே தெரியுது, நல்ல குடும்பத்துப் புள்ள. உங்களுக்கு விளங்கும்.”

அந்தத் தகப்பன் நிருஷாவின் பெரியப்பா.

“சரி அம்மா, வேற ஆள அனுப்புறன்” என்று அவளுடைய வாய் சொல்லிவிட்டது.

உடனேயே கேற்றடியிலிருந்து உதயரூபன் அழைத்தான். “மிஸ், சாமானெல்லாம் கட்டிட்டன். வரட்டா?”

‘மிஸ்’ என்று கூப்பிடச் சொன்னவள் அவள்தான். அலுவலகத்தில் ஒருவருக்கும் உறவு தெரியாது.

பிறகு குரலைத் தாழ்த்தினான். “அவ உன்ன ஒண்டும் ஏசல்லதானே, தங்கச்சி?”

கேற்றடியில் வெயிலில் நிற்கிறவன் அவளுக்காகக் கவலைப்படுகிறான். ரீச்சர் அவனை வாசலில்தான் நிறுத்தினார். அவள் அவனை இத்தனை வருடமாக எங்கே நிறுத்தி வைத்திருந்தாள்?

“கொஞ்சம் நில்லுங்க அண்ணா” என்றாள். பக்கத்து மேசையிலிருந்த அஸீமா திரும்பிப் பார்த்தாள்.

நிருஷா ரீச்சரை மறுபடி அழைத்தாள். “அம்மா, வேற ஆள் வரமாட்டார். வந்து நிக்கிறவர் என்ட அண்ணன். உங்கட வளவுக்கு வந்தவர் எங்கட பெரியப்பா.”

மறுமுனையில் யாரோ பூமாலையைப் பற்றிக் கேட்டார்கள்.

“ஐயோ புள்ள, உங்களையா சொன்ன நான்? நீங்க படிச்சவங்க” என்றார் ரீச்சர். “சரி, நேரம் போகுது. பின்பக்கத்தால வரச் சொல்லுங்க. அவன் போனாப் பிறகு மஞ்சத்தண்ணி தெளிச்சுக்கிறன்.”

பெரிய மனதோடு விட்டுக்கொடுத்த குரல் அது.

“முன்வாசலாலதான் வருவார், அம்மா.”

“நான் உங்கட மனேஜரோட கதைக்கிறன்.”

“கதையுங்க.”

வாடிக்கையாளர் போனை வைக்கும்வரை ஊழியர் அழைப்பைத் துண்டிக்கக்கூடாது என்பது விதி. நிருஷா துண்டித்தாள்.

ரீச்சரோடு பேசி முடித்த முகாமையாளர் தன் அறையிலிருந்து எட்டிப்பார்த்தார். “ஏன் பிரச்சினைய வளக்கிறீங்க? வேற ஆள அனுப்பி விடுங்க.”

“நான் அனுப்ப மாட்டன், சேர்.”

அவர் தானே இன்னொரு ஊழியரான முனாப்பை அனுப்பினார். இணைப்பு வந்தது, பின்னேரம் மோதிரமும் மாற்றினார்கள். கனடாவில் எல்லாரும் தெளிவாகப் பார்த்தார்களாம்.

கேற்றடியிலிருந்து திரும்பிய உதயரூபனின் ஆட்டோ அலுவலக வாசலுக்கு வந்தபோது நிருஷா எழும்பிப் போனாள். எல்லாரும் பார்க்க, அவன் இறக்கிய ஏணியின் மறுமுனையைப் பிடித்தாள். அவன் முகத்தைப் பார்க்க மட்டும் அவளுக்குத் துணிவு வரவில்லை.