வேண்டாத சம்பளம்

சப்மெர்சிபிள் மோட்டாருக்கு வைண்டிங் போட இரண்டு பேர் வேண்டும். ஸ்டேட்டர் என்பது நீளமான இரும்புக் குழாய் மாதிரி இருக்கும். அதன் ஒரு வாயில் ஒருத்தி, மறு வாயில் ஒருத்தி உட்கார வேண்டும். இந்தப் பக்கத்திலிருந்து ஒயரைத் துளைக்குள் செலுத்தினால், அந்தப் பக்கத்தில் இருப்பவள் இழுத்து அடுத்த துளை வழியாகத் திருப்பி அனுப்புவாள். ஒயரின் மேல்தோல் இரும்பில் உரசி ஒரு கீறல் விழுந்தாலும் போதும், கிணற்றுக்குள் இறங்கிய மோட்டார் அதோடு எரிந்துவிடும். அருள்செல்வியும் மெஹராஜும் ஒரு மோட்டார் கம்பெனியின் ஷெட்டில் இப்படி எதிரெதிரே உட்கார்ந்து பதினாறு வருஷம் ஆகிவிட்டது. வாய் ஊர்க்கதை பேசும். கை தன் பாட்டுக்கு ஓடும்.

ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் ஒருநாள் மேனேஜர் மருதாசலம் அவர்கள் பக்கமாக வந்து நின்றார். சிரித்தார். ஆயுத பூஜைக்கு மட்டும் சிரிக்கிற மனிதர் அவர்.

"சீனியருங்க எட்டுப் பேருக்குச் சம்பளம் ஏத்தியிருக்குதுங்க அம்மணி. மொதலாளியே சொல்லிப்போட்டாரு."

அருள்செல்விக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெரிய தொகை இல்லைதான். ஆனாலும் கேட்காமலே சம்பளம் ஏற்றியது அந்தக் கம்பெனியில் இதுதான் முதல் தடவை. மத்தியானம் ஷெட்டு முழுக்க ஜிலேபி வாங்கிக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை போத்தனூர் சர்ச்சில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டாள். "வேலையில் கிடைத்த உயர்வுக்காக, பிராங்க் அருள்செல்வி குடும்பத்தார்" என்று ஆயர் மைக்கில் வாசித்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் புருஷன் பிராங்க் கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

பிராங்க் மதுக்கரையிலிருந்து சிமெண்டு லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். இரண்டு வருஷத்துக்கு முன் அவனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸ். அவள் பெயரில் இருக்கும் இ.எஸ்.ஐ. தொழிலாளர் காப்பீட்டுக் கார்டில்தான் அத்தனையும் இலவசமாக நடக்கிறது. அந்தக் கார்டு இல்லாவிட்டால் அவன் எத்தனை நாள் தாங்குவான் என்பதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

மாதக் கடைசியில் அவனுக்கான ஆஸ்பத்திரிச் சீட்டைப் புதுப்பிக்க இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போனாள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, உங்களுக்குச் சம்பளம் ஏத்திட்டாங்களா?"

"ஆமாங்க." சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"இருபத்தோராயிரத்துக்கு மேல போனா இ.எஸ்.ஐ. கெடையாதுங்க. இந்த மாசத்துல இருந்து உங்க கம்பெனி பணம் கட்டலீங்க. முன்னால கட்டுனதுக்கு டிசம்பர் வரைக்கும் ஓடும். அப்பறம் கார்டு செல்லாது."

"எவ்வளவுங்க எச்சாப் போச்சு?"

"நூத்தம்பது ரூபாய்."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அந்த நூத்தம்பதை மாசாமாசம் நானே இங்க கொண்டாந்து கட்டிப்போடறனுங்க."

"அதெல்லாம் முடியாதுங்கம்மா." எழுத்தர் குரலைத் தாழ்த்தினார். "கம்பெனில போய்க் கேளுங்க. உங்களுக்கு ஏத்திக் குடுத்ததவிட, எங்களுக்குக் கட்டாம உடறதுல அவங்களுக்கு மிச்சமுங்க."

பின்னால் நின்ற கிழவர் அவளைத் தாண்டித் தன் சீட்டை நீட்டினார். வெளியே வந்து பஸ் ஏறும்வரை அவளுக்கு அழுகை வரவில்லை. கோபந்தான் வந்தது. மேனேஜர் மீது பாதி, ஜிலேபி வாங்கிக் கொடுத்த தன் மீது பாதி.

மெஹராஜும் அந்த எட்டுப் பேரில் ஒருத்தி. அவள் அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய். ஊசியும் மருந்தும் மெஹராஜின் கார்டில்தான் போகின்றன. விஷயத்தைக் கேட்டதும் மெஹராஜின் கை நின்றுவிட்டது. பாதி இழுத்த ஒயர் ஸ்டேட்டருக்குள் தொங்கியது.

"நாமளா பிரைவேட்ல ஒண்ணு போட்டுக்கலாம் அருளக்கா. ஊரே போடுதுல்ல."

போட்டுக்கலாமென்றுதான் அருள்செல்வியும் நினைத்தாள். இன்சூரன்ஸ் ஏஜெண்ட் தமிழ்ச்செல்வனை வீட்டுக்கு வரச் சொன்னாள். வழவழப்பான காகிதங்களைக் கட்டில்மேல் பரப்பிவைத்து அவன் உற்சாகமாக ஆரம்பித்தான்.

"மூணு பேருக்கும் சேத்து ஒரே பாலிசிங்க்கா. ரூம் வாடகை, ஆபரேஷன், ஆம்புலன்ஸ் எல்லாம் வந்துருமுங்க. அண்ணனுக்குச் சுகர், பிரஷர் எதாச்சும் இருக்குதுங்களா?"

பிராங்க் இடது சட்டைக் கையைச் சுருட்டினான். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்திருந்த இடம் கட்டைவிரல் தடிமனுக்கு வீங்கி, முழங்கைவரை நெளிந்து ஓடியது. அதன்மேல் வரிசையாக ஊசித் தழும்புகள்.

"தொட்டுப் பாருங்க தம்பி. சும்மா தொடுங்க."

தமிழ்ச்செல்வன் விரலை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்தான். தோலுக்குள்ளே கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

"மோட்டாராட்ட இருக்குதுங்களா? எங்கூட்டு அம்மணி வைண்டிங் போட்டதுங்க," என்றான் பிராங்க்.

யாரும் சிரிக்கவில்லை. ஏஜெண்ட் ஒரு காகிதத்தை மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தான். அதில் பழைய நோய்க்கு மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். இன்னொன்றில் கிட்னி என்ற சொல்லையே விலக்கி வைத்திருந்தார்கள். கடைசியில் எல்லாவற்றையும் அடுக்கிக் கையில் வைத்துக்கொண்டு சங்கடத்தோடு சொன்னான்.

"உள்ளதச் சொல்லிப்போடறனுங்க்கா. டயாலிசிஸ்னு எழுதுனா எந்தக் கம்பெனியும் எடுக்காதுங்க. எழுதாம உடலாம்னா, அந்தக் கைய ஒளிக்க முடியாதுங்க. அண்ணன உட்டுப்போட்டு உங்களுக்கும் பாப்பாவுக்கும் மட்டும் போட்டா கட்டுபடியாகும்."

அதுவரை வாசப்படியில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் லின்சி தலையைத் தூக்கினாள். அவள் காலேஜில் முதல் வருஷம். "நல்லா இருக்கறவங்களுக்கு மட்டுந்தான் குடுப்பீங்கன்னா, எதுக்குங்கண்ணா அதுக்குப் பேரு ஹெல்த் இன்சூரன்சு?"

"பாப்பா கேக்கறது நாயந்தானுங்க," என்றான் அவன். நல்ல பையன்தான், அவனிடம் விற்பதற்கு இருந்தது அவ்வளவுதான்.

அவன் போனபிறகு பிராங்க் சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டான். "அந்தப் பையன் சொல்றாப்பல உங்க ரெண்டு பேருக்கும் போட்டுக்க அருளு. எனக்கு எப்படியும்..."

"வாய மூடுங்க," என்றாள் அவள். "உங்களைக் கழிச்சுப்போட்டு என்ன குடும்பம்?"

மறுநாள் காலை வேலையில் உட்காராமல் நேராக ஆபீசுக்குப் போனாள். புதிதாகச் சேர்ந்திருந்த எச்.ஆர். சண்முகப்ரியா, சின்னப் பெண், எழுந்து நாற்காலி காட்டினாள்.

"எனக்கு ஏத்துன சம்பளம் வேண்டாமுங்க. பழையபடி போட்டுக் குடுங்க."

"இன்கிரிமெண்ட் வேண்டாங்கறவங்கள இப்பத்தான் பாக்கறேன் அக்கா," என்று சிரிக்கப் போன சண்முகப்ரியா, எதிரே இருந்த முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். "ஸ்டாஃபுக்குன்னு கம்பெனி பாலிசி ஒண்ணு இருக்குதுங்க. அதுல சேத்துவிடட்டுங்களா?"

"அதுல என்ர ஊட்டுக்காரருக்கு டயாலிசிஸ் பாப்பாங்களா?"

சண்முகப்ரியா எழுந்தாள். உள்ளே போய் மருதாசலத்தைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மருதாசலம் உட்காராமலே பேசினார்.

"ஏத்துனத எறக்கறதுக்கு வழியில்லீங்க அம்மணி. கிரேடு கொறைஞ்சாத்தான் சம்பளம் கொறையும். உங்களுக்குக் கீழ ஹெல்பர் கிரேடுதான் இருக்குது. அதுக்குப் பழைய சம்பளம்கூட வராது, தெரிஞ்சுக்குங்க. வைண்டிங் வேலை முழுசாத் தெரியாதுன்னு உங்க கையாலயே எழுதியும் குடுக்கணும். பதினாறு வருஷம் வேலை பாத்துப்போட்டு அப்படி எழுத உங்களுக்கு மனசு வருங்களா?"

வராது என்று நினைத்துத்தான் கேட்டார். அந்த ஷெட்டில் வைண்டர்களுக்கு நீலக் கோட்டு. குப்பை கூட்டி, பேப்பர் வெட்டி, டிராலி தள்ளுகிற ஹெல்பர்களுக்குச் சாம்பல் நிறக் கோட்டு, முதுகில் தமிழிலும் இங்கிலீஷிலும் பெரிதாக ஹெல்பர் என்று போட்டிருக்கும். நீலக் கோட்டு வாங்க ஒரு பெண்ணுக்கு நாலைந்து வருஷம் ஆகும். வாங்கிய அன்று அதைப் போட்டபடியே வீட்டுக்குப் போனவர்கள் உண்டு.

"பேனாக் குடுங்க," என்றாள் அருள்செல்வி.

எழுதினாள். வைண்டிங் வேலை எனக்கு முழுமையாகத் தெரியாது. தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டாள். காகிதத்தை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, "இன்னும் அஞ்சு பேப்பர் குடுங்க," என்றாள். "மெஹராஜும் மத்தவங்களும் வெளிய நிக்கறாங்க."

எட்டுப் பேரில் இரண்டு பேர் மட்டும் வரவில்லை. ராசம்மாளுக்கு வீட்டுக்கடன் தவணை கழுத்தைப் பிடித்தது. ஏறிய காசு அவளுக்கு வேண்டியிருந்தது. இன்னொருத்தி அடுத்த வருஷம் ஓய்வு. அவர்களை யாரும் ஒரு சொல் பேசவில்லை.

அன்று சாயங்காலம் சாம்பல் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தவளைப் பார்த்து பிராங்க் கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தான். அவனுக்கு ஆத்திரம்.

"உன்ர வேலைய உனக்கே தெரியாதுன்னு எழுதிக் குடுத்தியா? பழைய சம்பளத்தவிடக் கொறவுக்கு? என்னால தான இத்தனையும்."

"அது பொய்னு அந்தாளுக்கும் தெரியும், எனக்கும் தெரியுமுங்க. அந்தப் பொய்யி என்னைக் கொன்னுபோடாது." அவள் அவன் கையைப் பிடித்துத் தழும்புகளுக்கு மேலே தன் உள்ளங்கையை வைத்தாள். ஓட்டம் சரியாக இருந்தது. "அவங்க குடுத்த நூத்தம்பது ரூபா கொல்லும். சோறு உங்கலாம் வாங்க."

கம்பெனி மறுபடியும் இ.எஸ்.ஐ. பணம் கட்ட ஆரம்பித்தது. கார்டு பிழைத்தது. ஆனால் ஹெல்பர் வேலைக்கு அவர்களை யாரும் அனுப்பவில்லை. சாம்பல் கோட்டைப் போட்டுக்கொண்டு அதே ஸ்டேட்டர் முன்னால் அதே வைண்டிங்கைத்தான் போட்டார்கள், குறைந்த சம்பளத்துக்கு. மருதாசலம் கண்டும் காணாதவர் போல நடந்தார். வீட்டில் லின்சி காலேஜ் பஸ்ஸை விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் போக ஆரம்பித்தாள்.

ஆடி மாதத்தில் வடக்கேயிருந்து பெரிய ஆர்டர் கொடுக்கிற கம்பெனிக்காரர்கள் ஷெட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. தரையெல்லாம் கழுவினார்கள். காலையில் மருதாசலம் இஸ்திரி போட்ட ஆறு நீலக் கோட்டுகளைக் கையில் மடித்து ஏந்திக்கொண்டு அருள்செல்வியிடம் வந்தார்.

"இன்னிக்கு ஒரு நாளைக்கு இதப் போட்டுக்குங்க அம்மணி. ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குங்க."

"எதுக்குங்க?"

"வாரவங்க பாப்பாங்க இல்லீங்களா. ஹெல்பருங்களை வெச்சு வைண்டிங் போடறோம்னு நெனைச்சா ஆர்டரு போயிருமுங்க."

"வேலை தெரியாதுன்னு நாங்க எழுதுனது உங்க டிராயர்ல பத்திரமா இருக்குதுங்க. தெரியாதவங்க நீலக் கோட்டப் போட்டா அது ஏமாத்துங்க." அவள் நிமிர்ந்து பார்க்காமல் ஒயரை நேராக்கிக்கொண்டே பேசினாள். "எங்க ஆறு பேரையும் திரும்ப வைண்டருன்னு எழுதுங்க. ஏத்தறதுக்கு முன்னால வாங்குனமே, அதே சம்பளத்துல. அதுக்கு வழி இல்லீன்னு சொன்னீங்க, இருக்கும், தேடிப் பாருங்க. எழுதிக் கொண்டாங்க, உடனே போட்டுக்கறோம்."

"இப்ப நேரமில்லீங்க. அவங்க கேட்டுக்கு வந்துட்டாங்க."

"எங்களுக்கு அவசரமில்லீங்க," என்றாள் மெஹராஜ் மறு பக்கத்திலிருந்து.

மருதாசலம் மற்ற மேசைகளைப் பார்த்தார். நாலு பேரும் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் பயத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவளும் கோட்டுக்குக் கை நீட்டவில்லை. மிரட்டலாமா கெஞ்சலாமா என்று அவர் முடிவு செய்வதற்குள் கதவுப் பக்கம் ஷூ சத்தம் கேட்டது.

முதலாளிதான் முன்னால் நடந்து வந்தார். வந்தவர்களில் கண்ணாடி போட்ட ஒருவர் அருள்செல்வியின் பின்னால் நின்று, அவள் தோளுக்கு மேலே குனிந்து, முடிந்திருந்த ஒரு ஸ்டேட்டரின் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தார். ஒயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் படிந்திருந்தன. தன்னுடன் வந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் திருப்தியோடு தலையாட்டினார்கள்.

பிறகு நிமிர்ந்தவர் அவள் முதுகில் இருந்த எழுத்தைப் படித்தார். அடுத்த மேசைக்குப் போய் அங்கே இருந்தவள் முதுகைப் படித்தார். அதற்கடுத்த முதுகையும் படித்துவிட்டு முதலாளியைப் பார்க்க, முதலாளி மருதாசலத்தைப் பார்த்தார். எல்லா மேசையிலும் வேலை நடந்துகொண்டிருந்ததால், அந்த ஆறு நீலக் கோட்டுகளை வைக்க இடமில்லாமல் மருதாசலம் இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு நின்றார்.